தொண்ணூறாம் நாள் கண்காட்சி

1

அந்தச் சனிக்கிழமை கண்காட்சிக் கொட்டகையில் நின்றவர்கள்: நான், என் மனைவி மாலினி, அப்போது ஏழு வயதான எங்கள் மகள் ஆதிரை, தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த துண்டை வைத்திருக்கும் ப்யோர்ன், அவருடைய மூன்று வகை உருளைக்கிழங்கு, என் அப்பா, அப்பாவின் பூசணிக்காய். இல்லாதவர்கள்: அம்மா, இறந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. தம்பி, அவன் எங்கே என்று இன்றுவரை எவரும் எழுதித் தரவில்லை. தங்கச்சி சாந்தி, அவள் மட்டக்களப்பில், படுவான்கரையில், அப்பாவின் ஏழு மாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன புதன்கிழமை வந்த ஓர் அட்டை. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் வரும் ஒரு சிற்றூரின் அறுவடைக் கண்காட்சிக் குழு அனுப்பியது. கரட் படம் போட்ட அட்டை. கந்தப்போடி, ரொம்மன், ஒஸ்லோ என்று அப்பாவின் பெயருக்கு வந்திருந்தது. இந்த ஆண்டும் உங்களை எதிர்பார்க்கிறோம் என்று அச்சடித்து, கீழே யாரோ பேனையால் ஒரு சிரித்த முகம் கீறியிருந்தார்கள். போன வருடமும் இப்படி ஒன்று வந்தது. இந்த நாட்டில் அப்பாவை வா என்று கூப்பிட ஓர் இடம் இருக்கிறது. அவர் வர முடியாது.

2

நான் ஏன் ஊருக்குப் போய் அப்பாவைப் பார்க்கவில்லை என்று வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். உலகத்தின் எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒன்றைத் தவிர, என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. குடியுரிமை கிடைத்தால் போகலாம். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என் பிறப்பை வீட்டில் யாரும் பதியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அன்று தலைமை ஆசிரியர் பிறந்த திகதி கேட்க, அப்பா "பெரிய வெள்ளம் வத்தினதுக்குப் பிறகு" என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் மனமிரங்கி ஒரு திகதி எழுதினார். பிறகு காலம் கடந்து பதிந்த பத்திரத்தில் வேறொரு திகதி விழுந்தது. இரண்டு திகதிகளில் பிறந்தவனின் கோப்பு ஆறு வருடமாக ஒரு மேசையில் இருக்கிறது. அதனால் அப்பாவை நான் பார்ப்பதென்றால் அப்பா இங்கே வர வேண்டும். வேறு வழி இல்லை.

பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்தார். தொண்ணூறு நாள் விசா. ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை, விமானம் இரவு பதினொன்று இருபதுக்கு இறங்கியது. வெளிக் கதவால் வந்தவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். வடக்கு வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"இன்னும் பொழுது படல்லயா மனே?"

"இப்ப பன்னெண்டாகப் போகுது அப்பா. இஞ்ச கோடையில இப்பிடித்தான்."

"அப்ப இது எந்த நாள்ட கணக்கு?"

திங்கள்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. அப்பாவுக்கு நாள் என்பது விடியும்போது தொடங்குவது. மணிக்கூடு பன்னிரண்டு அடித்தால் நாள் மாறும் என்பதை அவர் வாழ்நாளில் ஏற்றுக்கொண்டதில்லை. மறுநாள் காலை நாலு மணிக்கே எழும்பி, பல்கனியில் நின்று கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மாலினியிடம் ஒரு வெற்று பிஸ்கற் தகர ரின்னும் ஒரு பிடி கௌப்பிப் பயறும் கேட்டார். ரின்னுக்குள் ஒரு கௌப்பி போட்டார். ஒவ்வொரு நாள் விடியவும் ஒன்று. எத்தனை நாள் தந்திருக்கிறார்களோ அத்தனை போட்டதும் தான் கிளம்ப வேண்டும் என்றார். எழுத்துத் தெரியாத மனிதரின் நாட்காட்டி அது.

நானும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் சிவப்புப் பேனையால் "1" என்று எழுதினேன். அன்று காலைதான் அப்பா இங்கே இருக்கும் முதல் காலை. அப்படி எழுதும்போது எனக்கு வேறெந்த யோசனையும் வரவில்லை.

3

மாலினி யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பிள்ளை. எட்டு வயதில் இங்கே வந்தவள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதிக் கடையில் கீற்றாக வெட்டி விற்ற பூசணிக்காயின் விதைகளைக் கழுவி, ஏப்ரலில் யன்னலோரம் கோப்பைகளில் போட்டு முளைக்க வைத்திருந்தாள். நகரப் பொதுத் தோட்டத்தில் ஐந்து வருடம் வரிசையில் காத்திருந்து எங்களுக்குக் கிடைத்த துண்டு ஒரு லொறியின் அளவுதான் இருக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வரிசையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று நாள் கல் பொறுக்கினார்.

அவரை நல்லவராக மட்டும் காட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. பிடிவாதக்காரர். நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்தைப் போடாமல் வெறுங்காலுடன் தோட்டத்தில் நிற்பார். பக்கத்துத் துண்டுக்காரரின் களையையும் கேட்காமல் பிடுங்கி விடுவார், அது களையில்லை, ஏதோ பூ என்று ஒரு பெண் என்னிடம் வந்து முறையிட்டாள். மாலினி கடையில் வாங்கிய சிறிய முழுப் பூசணியைக் குசினியில் வெட்டப் போனபோது ஓடிப்போய்க் கத்தியைப் பறித்தார். முழுக்காயைப் பெண்கள் வெட்டக்கூடாது, ஆண் ஆள் முதல் வெட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் முறை.

"மாமா, இஞ்சை நான் பத்து வருசமா வெட்டுறன். ஒண்டும் நடக்கேல்லை," என்றாள் மாலினி.

"நடந்தது உனக்குத் தெரியாமலும் இரிக்கலாம் கிளி," என்றார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பூசணிக்கும் முதல் வெட்டு அவருடையது.

ஜூலைக் கடைசியில் கொடி வேலியைத் தாண்டிப் போனது. காலையில் ஆண் பூவைப் பிடுங்கி அப்பா தன் கையாலேயே காய் பிடிக்க வைத்தார். மூன்று காய் நின்றது. இரண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார். ஆதிரை அழுதாள். அப்பா அவளுக்குத் தமிழில் காரணம் சொன்னார், அவள் நொர்வேஜிய மொழியில் சண்டை பிடித்தாள், பிறகு இருவரும் அந்த ஒற்றைக் காய்க்கு வைக்கோல் மெத்தை போட்டார்கள். ஆகஸ்டில் அவள் என்னிடம் "அப்பப்பா சொன்னவர், காய்க்குக் கீழ ஈரம் இரிக்கப்படாதாம்" என்றாள். பாதி மட்டக்களப்பும் பாதி யாழ்ப்பாணமுமாக, முழு வசனம். பாலர் பாடசாலைக்குப் போன நாளிலிருந்து அவள் எனக்குத் தமிழில் முழு வசனம் சொன்னதில்லை.

கண்காட்சியைப் பற்றிச் சொன்னவர் ப்யோர்ன். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு செப்டெம்பரும் தன் உருளைக்கிழங்கைக் கொண்டுபோய்த் தோற்று வருபவர். ஊர்ப்புறத்துக் கமக்காரர்கள் மாடு, செம்மறி, கோழி, காய்கறி, பழப்பாகு, பின்னிய கையுறை எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள், நடுவர்கள் வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்கள், யாரும் சேரலாம் என்றார். அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். காய் நல்லதா கெட்டதா என்று சட்டியில் தெரியும், அதற்கு ஏன் நடுவர் என்றார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். படிவம் என்றால் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைக்கவில்லை. பத்து வயதிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் நிவாரணப் படிவம் எழுதிக் கொடுத்தவன். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட மாட்டேன். பயிரிட்டவர் ஒப்பம் என்ற இடத்தில் அப்பா தன் பெருவிரலை நீட்டினார். வீட்டில் மை இல்லை. ப்யோர்ன் பையிலிருந்து கறுப்பு மார்க்கர் பேனையை எடுத்து அப்பாவின் விரலில் பூசினார். தாளில் விழுந்தது ஒரு கறுப்பு வட்டம் மட்டுமே. அறுபது வருட மண்வெட்டியில் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

4

பயணச்சீட்டு கண்காட்சிக்கு முந்திய வியாழக்கிழமைக்கு இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது நான். இதை அப்பா கேட்கவில்லை. இதைத் தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் குறிப்புகளில் இனி வருவதெல்லாம் இதனால் வந்ததுதான்.

"காய நீ கொண்டுபோய்க் காட்டன். நான் என்னத்துக்கு?" என்றார்.

"நீங்க வளத்த காய் அப்பா. உங்கட பேரக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாட்களில் அப்பா மண்டபத்துக்குள் வந்ததே இல்லை. கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெற்றோர் உள்ளே வரலாம் என்று ஆசிரியர் போய்க் கூப்பிட்டும், காலில் சேறு என்று சொல்லிவிட்டார். அவருடைய பெயரை எவரும் நல்லதற்காக ஒலிபெருக்கியில் கூப்பிட்டதில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் ஆட்களின் பெயர்களைக் கூப்பிட்ட வேறு காலம் ஒன்று உண்டு, அது தம்பி இல்லாமல் போன காலம். ஒருமுறை, ஒரு கொட்டகைக்குள், எல்லாரும் பார்க்க, அவர் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

சீட்டை மாற்றுமுன் கணக்குப் பார்த்தேன். நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே சிவப்பில் "90". விசாவில் கடைசித் திகதி அதற்கும் பதினைந்து நாள் தள்ளி இருந்தது, ஆனால் அந்தத் திகதியை நம்பக்கூடாது, தங்கும் நாட்களைத்தான் எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்ற திமிரும் இருந்தது. அதிலும் திருப்திப்படாமல் அப்பாவின் ரின்னை மேசையில் கொட்டி எண்ணினேன். அன்று எண்பத்தொன்று. நாட்காட்டியிலும் எண்பத்தொன்று. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் உயர்தரம் படித்தவனும் ஒரே கணக்கில் நின்றோம். அந்த நேரம் எனக்கு அதில் ஒரு சந்தோசம் கூட வந்தது.

வந்திறங்கும் நாளும் ஒரு நாள், அது இரவு பதினொன்று இருபதானாலும் ஒரு முழு நாள். குடிவரவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. பிற்பாடு பல தடவை போய்ப் பார்த்தேன், எல்லாத் தடவையும் இருந்தது. நான் முதலில் வாசித்தபோதும் இருந்திருக்கும்.

5

கண்காட்சியில் அப்பா முதலில் போனது மாடுகளிடம். சிவப்பு மாடுகள், குளிப்பாட்டி, வால் மயிரைச் சீவி விட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தொடையில் எதையோ தேடினார். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குறி சுடுவது உண்டு, குறியைப் பார்த்தால் எந்தக் குடியின் மாடு என்று தெரியும். இங்கே குறி இல்லை. காதில் மஞ்சள் அட்டை தொங்கியது.

"மாட்டுக்கும் அடையாள அட்டையா?" என்றார். "அப்ப இஞ்சயும் சோதனைச் சாவடி இரிக்கு."

நான் சிரித்தேன். மாட்டுக்காரப் பெண் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டாள். மொழிபெயர்க்க முடியவில்லை. அப்பா அவளுடைய மாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்து விரலால் லீற்றர் கணக்குக் காட்டினார், அவள் ஆச்சரியப்பட்டு இன்னும் இரண்டு விரலை நிமிர்த்திவிட்டாள். அப்பா நம்பவில்லை. கோழிக் கூடுகளுக்குப் போனோம், பின்னிய கையுறைகளைப் பார்த்தோம், ஒரு சின்னப் பெண் தன் முயலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

காய்கறிக் கொட்டகையில் நடுவர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், வெள்ளை மேலங்கி, நீளமான கத்தி. எங்கள் காயைத் தட்டினார், காம்பைப் பார்த்தார், பிறகு அதைப் பலகையில் வைத்துக் கத்தியை ஓங்கினார். அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் எரிந்தது. போட்டிக் காயை வளர்த்தவர் தொடக்கூடாது என்பது ஐந்தாம் விதி, அதையும் நான் வாசித்திருந்தேன். நடுவரிடம் எங்கள் முறையைச் சொன்னேன். என் நொர்வேஜிய மொழி அவசரத்தில் தடுமாறும், ஏதோ மதச் சடங்கு என்பது போல வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. சற்று யோசித்துக் கத்தியைத் திருப்பி, பிடியை அப்பாவிடம் நீட்டினார். விதியில் அதற்கு இடமில்லை. அப்பா ஒரேயொரு வெட்டுப் போட்டுவிட்டுக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை நடுவர் வெட்டினார். பச்சையாக ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

இரண்டாம் பரிசு. ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரின் வாயில் அது "கான்தபூடி" என்று வந்தது, அப்பாவுக்குத் தன் பெயர் என்று தெரியவில்லை. ஆதிரைதான் "அப்பப்பா, உங்களத்தான், போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மேடையில் ஒரு மனிதர் அவருக்கு ஓர் உறையும், முத்திரை பதித்துக் கையெழுத்திட்ட ஒரு தாளும் கொடுத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆதிரை காலையிலிருந்து சொல்லிக் கொடுத்த ஒரே சொல்லை அப்பா சத்தமாகச் சொன்னார். "தூசன் தக்." ஆயிரம் நன்றி என்று பொருள். சனம் கைதட்டியது.

நான் அழுதேன். மாலினி பார்க்காத மாதிரி நின்றாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. நடந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கிறது, ஆனால் அதை முழுதாகக் கேட்க முடிவதில்லை.

6

ஞாயிறு காலை அப்பா தொண்ணூறாவது கௌப்பியைப் போட்டார். ரின்னை ஆதிரையிடம் கொடுத்தார். விமான நிலையத்தில், சோதனை வாசல் வரைதான் நான் போகலாம். அதற்கு அப்பால் அவர் தனியே. அடுத்த கோடைக்கு வருவார் என்பது முடிவான விடயம் போலக் கதைத்தோம். கொடியை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று ப்யோர்னுக்குக் கையால் காட்டிவிட்டு வந்திருந்தார்.

டோஹாவில் இறங்கி, யாரோ ஒரு தமிழ் ஆளின் தொலைபேசியில் எனக்கு அழைப்பு எடுத்தார். பிரச்சினை ஏதும் இருந்ததா என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மனே. ஒரு ஐயா புத்தகத்தப் பாத்து விரல விட்டு நல்லா எண்ணினார். பிறகு தாளொண்டு தந்தார். நேத்து மாதிரியே சீல் வச்ச தாள். நானும் தூசன் தக் சொல்லி, கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு வந்தன்."

என்ன தாள் என்று நான் கேட்கவில்லை. ஏதோ விமானத்துத் துண்டு என்று நினைத்தேன். வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அன்று மாலை முறை எனக்கு.

மார்ச் மாதம் அடுத்த விசாவுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினேன். கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிச் சாந்தியிடம் கேட்டேன். சாந்தி மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக நின்றவள். கடவுச்சீட்டுப் படத்தோடு இன்னொரு படமும் அனுப்பியிருந்தாள். கூடவே குரல் செய்தி.

"அண்ணா, அப்பாட சேட்டிபிக்கட் ரெண்டயும் கண்ணாடி போட்டுச் சுவரில மாட்டியிரிக்கம். வாற போற ஆக்கள் எல்லாம் பாத்துட்டுத்தான் போறாங்க. வடிவா இரிக்கா சொல்லு."

வடிவாகத்தான் இருந்தது. பொன் நிறச் சட்டம், ஒரே அளவு இரண்டு. இடப்பக்கச் சட்டத்தில் பூசணிக்காய்க்கு இரண்டாம் பரிசு. வலப்பக்கத்தில், சீல் வைத்துக் கையெழுத்திட்டு, நொர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல். படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஒரு மூலை தெரியவில்லை, தெரிந்தது போதுமாக இருந்தது. மேற்படி நபர் அனுமதிக்கப்பட்ட தொண்ணூறு நாட்களுக்கு மேலாகத் தங்கியுள்ளார். தங்கிய நாட்கள்: தொண்ணூற்றொன்று. இது எதிர்கால விண்ணப்பங்களைப் பாதிக்கலாம். ஆட்சேபனை இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

மூன்று வாரம். அது ஆறு மாதமாகச் சுவரில் தொங்கியது. வீட்டில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் அங்கே இல்லை.

7

விண்ணப்பத்தை அனுப்பினேன். உண்மையை எல்லாம் எழுதினேன், விடிந்தால்தான் நாள் என்று எண்ணியதைக் கூட ஒரு பந்தியாக எழுதினேன். தரப்பட்ட விசாவின் நிபந்தனை மதிக்கப்படவில்லை, திரும்பிச் செல்வார் என்பதில் ஐயம் உண்டு என்று பதில் வந்தது. ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் மேன்முறையீடு எழுதினார். அதற்கும் அதே பதில், சற்று நீளமாக. அவர்கள் கணக்கில் பிழை இல்லை. அந்தத் திங்கட்கிழமையில் நாற்பது நிமிடம் அப்பா இந்த நாட்டில் இருந்தார். அதற்குச் சாட்சி நான்தான்.

விண்ணப்பத்துக்காக அப்பா கொழும்புக்குப் போய் வரிசையில் நின்றபோது, விரல் அடையாளம் எடுக்கும் இயந்திரம் அவருடைய விரலை இரண்டு மணி நேரம் ஏற்கவில்லையாம். துடைத்து, ஏதோ பூசி, திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். விசா கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும் அவர் அதைத்தான் காரணமாக எடுத்துக்கொண்டார்.

"என்ட ரேகை தேஞ்சிட்டு மனே. அதான் மெசின் பிடிக்கல்ல. நீ என்ன செய்வாய்."

ஓம் அப்பா என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்ததால் வாழ்க்கையில் நான் பிறருக்குச் செய்த எல்லா உதவியையும் அந்த ஓம் அழித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வலப்பக்கச் சட்டத்தைப் பற்றி இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. சாந்திக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அதைக் கழற்றுவார். கழற்றினால் இடப்பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக் கழற்றிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும்.

மாலினி சொல்லச் சொல்கிறாள். "அந்த மனுசன் தன்ரை விரலைக் குறை சொல்லிக்கொண்டு இருக்குது. அது பாவமில்லையோ?" என்று கேட்டாள். அவள் சொல்வது சரி. ஒவ்வொரு ஞாயிறும் சொல்வதற்கென்றே தொலைபேசியை எடுக்கிறேன்.

ஆதிரைக்கு ஒன்பது வயதாகிவிட்டது. அப்பப்பாவோடு கதை என்றால் கையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வசனம் வருவதில்லை, வராததில் வெட்கம். அவளுடைய அலுமாரியில் ரின் இருக்கிறது. போன மாதம் அறையைத் துப்புரவாக்கும்போது எறியலாமா என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. தோட்டத் துண்டை வசந்தத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இப்போது அங்கே யாரோ ரோசா வைத்திருக்கிறார்கள். ப்யோர்ன் மட்டும் வழியில் கண்டால், அப்பா எப்போது வருவார் என்று கேட்பார்.

போன ஞாயிறு அட்டை வந்ததை அப்பாவிடம் சொன்னேன். சந்தோசப்பட்டார்.

"கண்டயா, அந்த ஆக்கள் மறக்கல்ல. அந்தப் பொம்பிள நடுவர் இரிக்கிறாவா? அவட கத்தி நல்ல கத்தி." பிறகு கேட்டார். "அந்தக் காயாலயும் விசாவாலயும் உனக்கு மொத்தம் எவ்வளவு மனே போச்சு? வக்கீலுக்கெல்லாம் குடுத்ததாச் சாந்தி சொன்னாள்."

"பெரிசா ஒண்டுமில்ல அப்பா."

காயைப் போட்டியில் சேர்க்க நூறு குரோனர். பயணச்சீட்டை வியாழனிலிருந்து ஞாயிறுக்கு மாற்ற இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. இரண்டாம் விசா விண்ணப்பத்துக்கு ஆயிரத்து ஐம்பது. வழக்கறிஞருக்கு ஆறாயிரம். உறைக்குள் இருந்த பரிசு இருநூறைக் கழித்தால், ஒன்பதாயிரத்து முந்நூறு குரோனர்.